வார இறுதி சவாரி: ரோடு பைக்கா, ஹைபிரிடா?

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. அதற்கு எந்த சைக்கிள்? மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள ரோடு பைக்கா, அகலமான டயரும் நேரான ஹேண்டிலும் உள்ள ஹைபிரிடா?

விலை: ஹைபிரிட் 15,000 ரூபாயிலிருந்தே கிடைக்கும். ஓரளவு நல்ல ரோடு பைக்குக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது ஆகும்.

எடை: ரோடு பைக் 9–11 கிலோ. ஹைபிரிட் 13–15 கிலோ.

எதிர்காற்று: வேறுபாடு உண்மையில் தெரிவது இங்கேதான். ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டிலைக் கீழே பிடித்துக் குனிந்தால் காற்றின் தடை நன்றாகக் குறையும். ஹைபிரிடில் நிமிர்ந்த உடம்பே பாய்மரம் ஆகிவிடும். கழுத்துக்கும் முதுகுக்கும் என்னவோ அதுதான் சுகம்.

பஞ்சர்: ரோடு பைக்கின் 25 மி.மீ. டயருக்கு 80–90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேண்டும். குறைந்தால் பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்தாற்போல் இரட்டை ஓட்டை போடும். ஹைபிரிடின் 38 மி.மீ. டயருக்கு 50–60 போதும். கருவேல முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்முனையைத் தேடி எடுங்கள். விட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி இறங்கும். ரோடு பைக்கின் மெல்லிய வால்வுக்குப் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும்.

மாதம் இரண்டு மூன்று முறை 80 கி.மீ.க்கு மேல் குழுவோடு ஓட்டுபவர்கள் ரோடு பைக் வாங்கலாம். 40 கி.மீ.க்குள், மண்பாதையும் கடைத்தெருவும் கலந்த சவாரிக்கு ஹைபிரிட்தான். முதல் சைக்கிள் என்றாலும் அதுவே என் தேர்வு.