பாதையில் பதிந்த அடிகள் - வாசகர் வட்டத்துக்கு எடுக்கலாமா?

பாம்பன் பக்கம் எங்க ஊர் கிளை நூலகத்துல மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டம் நடக்கும், வர்றதுல பாதிக்கு மேல பொம்பளைங்க, நாலஞ்சு பேர் கடல்ல பாசி எடுக்கப் போறவங்க. இந்தத் தடவை சரித்திர நாவல், அதுவும் நெனச்சத விடாத பொம்பளை கதையா இருக்கணும்னு பேசுனோம். உடனே எல்லாரும் வேலு நாச்சியார்னாங்க. சொல்லாம இருப்பாங்களா, நம்ம ராமநாதபுரத்து சேதுபதி வீட்டுப் பொண்ணு, 1772ல காளையார்கோவில்ல புருசன பறிகொடுத்துட்டு 1780ல சிவகங்கைய மீட்டவங்க. ஆனா அந்தக் கதைய ஸ்கூல் ஆண்டுவிழா நாடகம் வரைக்கும் பாத்தாச்சு, கைதட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவோம், சண்டை போட ஒண்ணும் இருக்காது. அதான் நான் அடம்பிடிச்சு ராஜம் கிருஷ்ணனோட இந்த நாவல எடுக்க வச்சேன்.

மணலூர் மணியம்மை கதை இது, நெசமா வாழ்ந்தவங்க. கீழத்தஞ்சைல பிராமண வீட்டு விதவை, முடிய கிராப்பு வெட்டிக்கிட்டு வேட்டி சட்டையோட திரிஞ்சு பண்ணையாளுங்கள சங்கமா சேத்தவங்க, தண்டனைன்னு அவங்களுக்கு சாணிப்பால் புகட்டி சவுக்கால அடிச்ச காலத்துல. அந்த சட்டைலதான் எங்க வட்டம் சிக்கிக்கிச்சு. பாசிக்குப் போற அக்கா ஒருத்தங்க, "இதுல என்ன அதிசயம், நாங்களும் சேலைக்கு மேல ஆம்பளை சட்டைய மாட்டிக்கிட்டுத்தான கடல்ல எறங்குறோம்"னாங்க. பக்கத்துல இருந்தவங்க விடல, "கரைக்கு வந்ததும் கழட்டிருவோம்ல, அந்தம்மா கழட்டவே இல்லையே"னு கேட்டாங்க. அரைமணி நேரம் புத்தகத்த மூடி வச்சுட்டு இதே பேச்சுதான். ராணி கதைல இது நடந்திருக்குமான்னு தெரியல.

குறை இல்லாம இல்ல. ஆரம்பத்துல அக்ரகாரத்துப் பேச்ச சத்தமா வாசிக்க எங்க ஆளுங்களுக்கு நாக்கு சுத்திருச்சு, சிரிப்பு வேற. நடுநடுவுல கதை நின்னு அரசியல் மேடையா மாறிடுது, அங்கல்லாம் நான் பக்கத்த தள்ளிட்டேன், ஒத்துக்குறேன். முடிவு மட்டும் மனச என்னமோ பண்ணுது. போலீஸ் சுடல, பண்ணையார் ஆளு வெட்டல, 1953ல மான் முட்டி செத்துப்போனாங்க மணியம்மை, கற்பனையா எழுதிருந்தா எவனும் நம்பிருக்க மாட்டான்.

நூலகத்துல ஒரே காப்பிதான், அதுவும் தையல் விட்டுப்போனது. ஆனா ராஜம் கிருஷ்ணன் எழுத்து நாட்டுடைமை ஆனதால நெட்டுல சும்மாவே கெடைக்குது, பாதிப்பேர் போன்லதான் படிச்சாங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அடுத்த மாசம் இவங்களோட கரிப்பு மணிகள், தூத்துக்குடி உப்பளக் கதை. வாலிநோக்கத்துல உப்பு அள்ளிட்டு இப்ப இங்க மக வீட்ல இருக்க அம்மா ஒருத்தங்க அத அப்பவே தூக்கிட்டுப் போயிட்டாங்க, திருப்பித் தர வேண்டிய தேதியும் தாண்டிருச்சு, கேட்டா "இரு ஆத்தா, இன்னும் முடியல"ங்குறாங்க.