பழைய ரயில் பாலம், பக்கத்தில் புதுக் குடியிருப்பு: பழுதுபார்ப்பதா, தளத்தையே மாற்றுவதா?

பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய நீராவி ரயில்களுக்கு இன்ஜினை விடப் பெரிய தலைவலி பாலங்கள்தான். இன்ஜினுக்கு நன்கொடை கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது, ஏனென்றால் அது பளபளவென்று புகை விட்டுக்கொண்டு வந்து நிற்கும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பாலத்தடியில் சாந்து பூசக் காசு கொடுத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நஷ்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பின் மூடப்பட்ட பாதைகள் பல வயல்வெளி வழியாகப் போனவை. இன்றைக்கு அந்த வயல்களில் வீடுகள் முளைத்துவிட்டன. மாட்டு வண்டி போன மண் பாதையைத் தாண்டிய சின்ன இரும்புப் பாலத்துக்கு அடியில் இப்போது குடியிருப்பின் நுழைவுச் சாலை. பாலம் என்னவோ அதேதான், கேள்விதான் மாறிவிட்டது. முன்பு "ரயிலைத் தாங்குமா" என்று பார்த்தால் போதும். இப்போது சத்தம், சொட்டும் தண்ணீர், பழைய பெயிண்டிலுள்ள ஈயம், லாரி உயரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கையில் இருக்கும் வழிகள் நான்கு: இருப்பதைப் பழுதுபார்ப்பது, தாங்கும் சுவர்களை வைத்துக்கொண்டு மேல்தளத்தை மட்டும் புதிதாகப் போடுவது, வேறெங்கோ கழற்றிய பழைய தளத்தைக் கொண்டுவந்து வைப்பது, கடைசியாக அடியில் கொட்டி மூடிவிடுவது.

கடைசியை முதலில் தள்ளிவிடலாம். கம்ப்ரியாவில் கிரேட் மஸ்கிரேவ் என்ற ஊரில் 1862இல் கட்டிய கல் பாலம் ஒன்று, மேலே சாலை, கீழே மூடிப்போன ரயில் பாதை. 2021இல் தேசிய நெடுஞ்சாலை நிறுவனம் அதன் வளைவுக்கு அடியில் ஏறக்குறைய 1,600 டன் ஜல்லியும் கான்கிரீட்டும் கொட்டி அடைத்தது. ஈடன் வேலி, ஸ்டெயின்மோர் என்ற இரண்டு பாரம்பரிய ரயில்களும் என்றைக்காவது இணைய வேண்டுமென்றால் அந்த வளைவு வழியாகத்தான் வர வேண்டும். எதிர்ப்பு கிளம்பியது, 2022இல் உள்ளூர் மன்றம் ஏற்கெனவே செய்துவிட்ட அந்த வேலைக்குப் பின்தேதி அனுமதி தர மறுத்தது, 2023இல் கொட்டியதையெல்லாம் அள்ளி எடுத்தார்கள். கொட்டவும் செலவு, அள்ளவும் செலவு. புது வீடுகளுக்கு நடுவில் இருக்கும் பாலத்தை மூடினால் இன்னொரு நஷ்டமும் உண்டு, நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதோடு போயின.

மற்ற மூன்றையும் ஒப்பிடும் முன் எடைக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "நீராவி இன்ஜின் பாலத்தை அடித்து நொறுக்கிவிடும்" என்பது குடியிருப்புக்காரர்கள் கூட்டத்தில் தவறாமல் வரும் பயம். அதில் ஒரு பங்கு உண்மை. பிஸ்டனும் அதோடு ஓடும் கம்பிகளும் முன்னும் பின்னும் போவதைச் சமன்செய்யச் சக்கரத்தில் எடை வைக்கிறார்கள். அந்த எடை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தண்டவாளத்தைக் கீழே அழுத்துகிறது, ஒருமுறை மேலே இழுக்கிறது. இதற்குச் சுத்தியல் அடி என்றே பெயர். பழைய பாலங்கள் இதைத் தாங்குமா என்று ஆராய 1923இல் பிரிட்டனில் ஒரு குழுவே அமைத்து 1928இல் அறிக்கை வாங்கினார்கள். ஆனால் இந்த அடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பாரம்பரியப் பாதைகளில் பெரும்பாலும் மணிக்கு 25 மைல்தான் உச்ச வேகம். அந்தக் காலத்தில் அதே இன்ஜின் 75 மைலில் போனபோது இருந்த அடியில் ஒன்பதில் ஒரு பங்குதான் இப்போது விழும். அதனால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியது அச்சின் நிலையான எடையும் பாலத்தின் உடம்பும்தான், இன்ஜினின் ஆவேசம் அல்ல.

செங்கல் வளைவுப் பாலமாக இருந்தால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு பழுதுபார்ப்புக்குத்தான். வளைவுக்குப் பாரம் பிடிக்கும், பாரம் அதை அழுத்தி இறுக்குகிறது. அதைக் கொல்வது தண்ணீர். ஜல்லி வழியாக இறங்கும் மழைநீர் உள்ளே நிரப்பிய மண்ணில் தேங்கி, செங்கல் இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே வெள்ளை வெள்ளையாக வழியும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து செங்கலின் முகத்தைப் பெயர்க்கும். பக்கச் சுவர்கள் வளைவிலிருந்து பிரிந்து வெளியே சாயும். அடுக்கடுக்காகக் கட்டிய செங்கல் வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் விலகிய இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும், வீட்டுத் தரையில் டைல் தட்டிப் பார்ப்பது மாதிரியேதான்.

இங்கே தவறான பழுதுபார்ப்பு, பழுதை விட மோசம். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் கெட்டியான சிமெண்டைத் திணித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியாகவே வரும், சாந்து நிற்கும், செங்கல் உதிரும். கீழே நின்று எவ்வளவு அழகாகப் பூசினாலும் மேலே தண்டவாளத்தையும் ஜல்லியையும் எடுத்துவிட்டு நீர்க்காப்புப் படலம் விரித்து வடிகால் கொடுக்காவிட்டால் ஐந்தாறு குளிர்காலத்துக்குப் பிறகு அதே வெள்ளை வழிசல் திரும்பி வரும். பணம் இரண்டு வேலைக்கும் போதாது என்றால் மேல் வேலையை முதலில் செய்யுங்கள். அடியில் புதுக் குடியிருப்பின் நடைபாதை இருக்கும்போது இது இன்னும் முக்கியம். சொட்டும் தண்ணீர் குளிரில் உறைந்து, நடப்பவர் வழுக்கி விழுந்தால் கேள்வி ரயில் நிர்வாகத்திடம்தான் வரும். செங்கல் வளைவுக்கு இன்னொரு வசதி, சத்தம். அத்தனை மண்ணும் செங்கலும் அதிர்வை விழுங்கிவிடும். அதை இடித்துவிட்டு இரும்புத் தளம் போட்டால் அண்டை வீட்டார் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரும்புப் பாலத்தில் கதை அப்படியே திரும்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேனிரும்புக் கர்டர்கள், அதாவது தளத்தைத் தாங்கும் நீண்ட இரும்பு உத்தரங்கள், அடுக்கடுக்கான தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தவை. தகடுகளுக்கு நடுவே துரு ஏறினால் அது பருத்து, தகட்டையே நெம்பிப் பிளக்கும். தேனிரும்பில் கசடு இழை இழையாக ஓடுவதால் இன்றைய உருக்குப் போல நம்பி வெல்டிங் செய்ய முடியாது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை ரிவெட்டிலோ போல்ட்டிலோ பொருத்த வேண்டும். வேலையாள் கூலிதான் இதில் பெரும் செலவு. அதற்கு மேல் பழைய பெயிண்டில் ஈயம். சுற்றி வயலாக இருந்தாலே கவனம் வேண்டும், இருபது அடியில் குழந்தைகள் விளையாடும் கொல்லைப்புறம் இருந்தால் பாலம் முழுவதையும் கூடாரம் போல் மூடி, உள்ளிருந்து காற்றை உறிஞ்சி வடிகட்டி, சுரண்டிய தூளை ஒரு பொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். கழற்றிக் கொண்டுபோய்ப் பட்டறையில் சுரண்டுவது பல நேரம் மலிவு என்பார்கள், அது வரைக்கும் வந்துவிட்டால் புதுத் தளமே போட்டுவிடலாமே என்ற எண்ணம் தானாக வரும்.

வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயிலில் 2010இல் கோத்லாண்ட் பக்கம் 30ஆம் எண் பாலத்தையும், 2020 குளிர்காலத்தில் 24, 25 எண் பாலங்களையும் இப்படித்தான் புதுத் தளமாக மாற்றினார்கள். ரயில் ஓடாத குளிர்கால மாதங்களுக்குள் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கிவிட்டார்கள். இந்த வேகம் அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. பல மாதம் கூடாரமும் உறிஞ்சும் இயந்திரமும் ஓடுவதற்குப் பதில் சில நாள் கிரேன் நிற்கும், சாலை மூடியிருக்கும், முடிந்தது.

ஆனால் புதுத் தளம் என்றால் எந்தப் புதுத் தளம் என்பதில்தான் வீடுகளின் தலையெழுத்து இருக்கிறது, பல திட்டங்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கின்றன. தண்டவாளத்தைக் கட்டைகள் வைத்து நேரடியாக உருக்கில் பொருத்திய திறந்த தளத்தில் அதிர்வு முழுவதும் உருக்குக்குள் இறங்கி, ரயில் போகும் ஒவ்வொரு முறையும் பாலமே முழங்கும். சாதாரணப் பாதையில் வருவதை விட 10 டெசிபல் அளவுக்குக் கூட சத்தம் ஏறலாம், 10 டெசிபல் என்றால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொட்டி மாதிரித் தளம் போட்டு அதில் ஜல்லி நிரப்பி, அடியில் ரப்பர் பாய் விரித்து, பாலத்தின் மேல் தண்டவாள இணைப்பு வராமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு அடங்கும்.

அப்படியானால் பழைய கர்டரிலேயே ஜல்லி போட்டுவிடலாமே? அங்கேதான் இடிக்கிறது. நான்கு மீட்டர் அகலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி போட்டால் பாலத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை. பத்து மீட்டர் பாலத்தில் ஏறக்குறைய இருபது டன், ரயில் வந்தாலும் வராவிட்டாலும் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். துருவில் பாதி தின்ற கர்டர் அதைத் தாங்காது. ஆக, சத்தம் குறைய வேண்டும் என்று முடிவெடுத்த நிமிடத்திலேயே பழைய இரும்பைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியமாகிவிடுகிறது. இதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "பழைய அழகு அப்படியே இருக்கும், சத்தமும் வராது" என்று இரண்டையும் வாக்குக் கொடுப்பவர் ஒன்று கணக்குப் போடவில்லை, இல்லை சொல்ல மனமில்லை.

தடிமனும் சேர்ந்து வரும். ஜல்லித் தொட்டி வைத்தால் தளம் கனமாகும், ஒன்று அடியில் சாலை உயரம் குறையும், இல்லை தண்டவாளத்தை உயர்த்தி இரண்டு பக்கமும் நெடுந்தூரத்துக்குச் சரிவு கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைவான பாலங்களில் உயர எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள், அப்படியும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான லாரிகள் ரயில் பாலங்களில் முட்டுகின்றன. வீடு கட்டும் காலத்தில் கலவை வண்டி, சாரம் ஏற்றி வரும் வண்டி என்று ஊர் தெரியாத டிரைவர்கள் வரிசையாக வருவார்கள். பக்கக் கர்டர்களைத் தண்டவாளத்துக்கு இரு பக்கமும் உயர்த்தி, நடுத் தரையை மெலிதாக வைக்கும் அமைப்பு இங்கே கைகொடுக்கும். வெளியிலிருந்து பார்க்கவும் அது பழைய தகட்டுக் கர்டர் பாலத்தின் சாயலில்தான் இருக்கும்.

வேறிடத்தில் கழற்றிய தளத்தைக் கொண்டுவருவது கேட்கச் சிக்கனமாக இருக்கும், தன்னார்வலர்களுக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். லஃபபரோவில் கிரேட் சென்ட்ரல் ரயிலின் இரண்டு துண்டுகளையும் இணைக்க, நடுவே காணாமல் போன ஏறத்தாழ 500 மீட்டர் பாதையை மீண்டும் கட்டுகிறார்கள். ரெடிங் நிலையத்தைப் புதுப்பித்தபோது கழற்றிய தளங்களை அதற்காகக் கொண்டுவந்து சேர்த்து வைத்தார்கள். ஆனால் 2017இல் பிரதான ரயில் பாதைக்கு மேலே தூக்கி வைத்தது புதிதாகச் செய்த தளத்தைத்தான். இலவசமாகக் கிடைத்த தளத்துக்கும் லாரி, கிரேன், பெயிண்ட், அளவுக்கேற்ப வெட்டுவது, உலோகம் எப்படி இருக்கிறதென்று சோதனை எல்லாம் காசுதான். நீளமும் சாய்வுக் கோணமும் அப்படியே பொருந்தினால் லாபம், இல்லையென்றால் பழைய சட்டையைப் பிரித்துத் தைக்கும் கூலி புதுச் சட்டைக்கு ஆகிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. செவர்ன் வேலி ரயிலில் 1861இல் ஜான் ஃபௌலர் வடிவமைத்த விக்டோரியா பாலம் 200 அடியை ஒரே தாவலில் கடக்கிறது. அது வார்ப்பிரும்பு, இழுத்தால் முறியும் பொருள், ஆனால் வில்வளைவில் அழுத்தம்தான் விழும் என்பதால் இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை எவ்வளவு செலவானாலும் பழுதுதான் பார்க்க வேண்டும். சந்து மேல் போட்ட இருபதடி கர்டருக்கு அந்த மரியாதை கொடுக்க நன்கொடைப் பணம் தாங்காது.

பாலத்தை மட்டும் பார்த்துக் கரையை விட்டுவிடுவதும் நடக்கிறது. 2025 ஜனவரியில் செவர்ன் வேலியில் மோர் புரூக் பாலத்தருகே சரிந்தது கரைதான். குளோஸ்டர்ஷயர் வார்விக்‌ஷயர் ரயிலும் பிராட்வே வரை நீட்டுவதற்காகப் பாலங்களைச் சரிசெய்ய "பிரிட்ஜஸ் டு பிராட்வே" என்று பங்கு விற்றுப் பணம் திரட்டி 2018இல் ஓட்டம் தொடங்கியது, ஆனால் அதற்கு முன் 2010, 2011 என்று அடுத்தடுத்து இரண்டு கரைச்சரிவுகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. வயல் குடித்த மழையைத் தார்ச்சாலையும் கூரையும் குடிக்காது. குடியிருப்பின் மழைநீர் எந்தக் குழாய் வழியே எங்கே போகிறது, ரயில் கரைக்கு அடியில் இருக்கும் பழைய சின்ன மதகு அதைத் தாங்குமா என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். 2018 முதல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில், ஏற்கெனவே இயங்கிவரும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்ட வருபவர்தான் சத்தம் போன்றவற்றுக்குத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 1990 சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கட்டுமான நிறுவனத்திடமிருந்து உள்ளூர் மன்றம் பங்களிப்பும் வாங்கலாம். இரண்டுமே அனுமதி கொடுக்கும் முன்தான் செல்லும், வீடு விற்றுச் சாவி கொடுத்த பிறகு ரயில்காரர்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும். அப்புறம், ரயில் நின்றுபோன பாதையை இனிமேல்தான் திறக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கொள்கை உங்களுக்கு முழுதாகக் கைகொடுக்காது. அங்கே புதிதாக வருபவர் நீங்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

என்னிடம் ஒரு பாதையும் மூன்று பாலங்களும் கொடுத்தால், செங்கல் வளைவை மேலிருந்து திறந்து நீர்க்காப்புப் போட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் பழுதுபார்ப்பேன், வீடுகளுக்கு நடுவில் இருக்கும் இரும்புப் பாலத்தின் தாங்கும் சுவர்களை வைத்துக்கொண்டு ஜல்லித் தொட்டியுள்ள புதுத் தளம் வைப்பேன், ஊருக்கு வெளியே ஓடை மேல் இருக்கும் இரும்புப் பாலத்துக்கு மட்டும் எங்காவது பொருந்துகிற பழைய தளம் கிடைக்கிறதா என்று தேடுவேன். அங்கே முழங்கினாலும் கேட்க ஆளில்லை, இப்போதைக்கு.