ஆர்எல்கிராஃப்டா, ஸ்கைஃபாக்டரியா, ஆல் த மோட்ஸா, கிரியேட்டா: மோட் மைன்கிராஃப்டை எங்கே தொடங்குவது?

போன மே மாத லீவில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகனிடமிருந்து போன். "அண்ணா, கால் மணி நேரமா மரத்தையே அடிச்சிட்டிருக்கேன், ஒரு கட்டைகூட விழல. கேம் கெட்டுப்போச்சாண்ணா?" கேம் ஒன்றும் கெடவில்லை. அவன் இறக்கியிருந்தது ஆர்எல்கிராஃப்ட், அதாவது மைன்கிராஃப்டை மாற்றும் மோட்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டிய ஒரு மோட்பேக். அதில் வெறுங்கையால் அடித்தால் மரம் கட்டை தராது, அதுதான் அந்த மோட்பேக்கின் விதி. வீடியோக்களில் எல்லாரும் அதை ஆடுகிறார்கள் என்பதற்காக அதையே முதலில் எடுத்திருக்கிறான். நான் வழி சொல்லியும் மூன்றே நாளில், "மோட் எல்லாம் நமக்கு செட் ஆகாதுண்ணா" என்று விட்டுவிட்டான். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பொறுமையாக எதையாவது கட்டிக்கொண்டே இருக்கும் அவன் மாதிரிப் பையனுக்கு மோட் மைன்கிராஃப்டைவிட நல்ல இடம் வேறு எனக்குத் தெரியாது.

அதனால் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேள்விப்படும் நான்கு தொடக்கங்களை அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்: ஆர்எல்கிராஃப்ட், ஸ்கைஃபாக்டரி 4, ஆல் த மோட்ஸ் 9, அப்புறம் கிரியேட் மோடை நடுவில் வைத்து நாமே சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்னத் தொகுப்பு. நான்கையும் ஆடியிருக்கிறேன். அளவுகோல் ஒன்றுதான். முதல் மரக்கட்டை எப்படிக் கிடைக்கிறது, அது கைக்கு வந்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரிகிறதா? சாதாரண மைன்கிராஃப்டில் மரத்தைக் கையால் அடித்தால் கட்டை, கட்டையிலிருந்து பலகை, பலகையிலிருந்து கிராஃப்டிங் டேபிள். கை தானாகச் செய்யும் அளவுக்கு ஊறிப்போன பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை ஒரு மோட்பேக் என்ன செய்கிறது என்று பார்த்தாலே அதன் குணம் பிடிபட்டுவிடும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்குமே ஜாவா எடிஷனுக்கானவை. போனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஆடுவது பெட்ராக் எடிஷன். அதற்கு ஆட்-ஆன்கள் உண்டு, ஆனால் இந்த மோட்பேக்குகள் அதில் ஓடாது, கம்ப்யூட்டர் வேண்டும்.

ஆர்எல்கிராஃப்டில் முதல் கட்டைக்கு ஆகும் பாட்டைச் சொல்கிறேன். சரளைக்கல்லைத் தோண்டிச் சிக்கிமுக்கிக்கல் எடுக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாறைமேல் ரைட் கிளிக் செய்தால் தட்டித் தட்டிக் கூரான சில்லுகளாக உடையும். இலைகளைக் கலைத்தால் குச்சி விழும். சில்லும் குச்சியும் சேர்ந்தால் கத்தி, கத்தியால் புல்லை அறுத்தால் நார், நாரைத் திரித்தால் கயிறு, கயிற்றால் சில்லைக் குச்சியில் கட்டினால் ஒரு சின்னக் கோடரி. அதற்கப்புறம்தான் மரம். இதைத் தெரிந்துகொண்டு செய்கிறவருக்கு மிக அழகான பத்து நிமிடம் இது, நிஜமாகவே கற்காலத்தில் கண் விழித்த மாதிரி இருக்கும். தெரியாதவருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் தாகம் எடுக்கும், ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் உடம்புக்கு ஆகாது, குளிர்ப் பகுதியில் பிறந்திருந்தால் குளிர் வேறு கொல்லும். காயம்கூட ஒரே இதய வரிசையாக இல்லாமல் தலை, மார்பு, கை, கால் என்று தனித்தனியாகக் கணக்காகும். உயரத்திலிருந்து குதித்தால் அடி பாதத்துக்கும் காலுக்கும் போகும், தலையோ மார்போ முழுசாக அடிபட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாவுதான். கஷ்டப்பட்டு இரும்பு எடுத்துக் கருவி செய்தாலும், அதற்குரிய திறனை எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்) கொடுத்து ஏற்றாத வரைக்கும் பயன்படுத்த முடியாது. மேலே டிராகன் பறக்கும்.

இவ்வளவையும் குறையாகச் சொல்லவில்லை. ஷிவாக்சி என்ற பெயரில் இயங்குபவர் மைன்கிராஃப்டின் 1.12.2 பதிப்பில் கட்டிய அந்த உலகம் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு வேஸ்டோனை (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவ உதவும் கல்) கண்டுபிடித்து அதன் பக்கத்தில் முதல் ராத்திரியை உயிரோடு கடந்த நிம்மதியை வேறு எந்த மோட்பேக்கும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் அது ஏற்கனவே மோட் ஆடியவருக்கான பரீட்சை. எந்தப் பொருள் எந்த மோடிலிருந்து வருகிறது, செய்முறையை எங்கே தேடுவது என்று தெரிந்தவருக்கு அந்தக் கஷ்டம் சுவையாக இருக்கும். முதல்முறை வருகிறவருக்குத் தான் செய்தது தப்பா, கேம் பழுதா என்றே பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் தம்பி போனில் கேட்டதும் அதைத்தான்.

இதற்கு நேர் எதிர் ஸ்கைஃபாக்டரி 4. அதுவும் 1.12.2தான். வெட்டவெளியில் ஒரே ஒரு மரம், காலுக்குக் கீழே கொஞ்சம் மண், சுற்றிலும் ஒன்றும் கிடையாது. முதல் கட்டை உடனே கிடைக்கும், ஆனால் கன்று விழுவதற்குள் இலைகளையெல்லாம் அவசரப்பட்டு வீணாக்கினால் அடுத்த மரம் இல்லை. அது சொல்லித்தரும் முதல் பாடமே, இருப்பதை வைத்து விளைவிப்பது. கன்றை நட்டு, பக்கத்தில் நின்று ஷிஃப்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் மரம் சீக்கிரம் வளரும். போகப் போக மரத்திலேயே மண் காய்க்கும், கல் காய்க்கும், இரும்பும் காய்க்கும். தாது தேடிச் சுரங்கம் தோண்டும் வேலையே இல்லை.

ஆர்எல்கிராஃப்ட் உலகத்தைப் பார்த்துப் பயப்பட வைக்கிறது என்றால் இங்கே உலகமே இல்லை, நாம்தான் ஒவ்வொரு சதுரமாக நீட்டிக்கொண்டு போக வேண்டும். பயம் ஒன்றே ஒன்று: கால் தவறிக் கீழே விழுவது. கவனச் சிதறல் இல்லாமல் இயந்திரம், குழாய், சேமிப்பு என்று கற்றுக்கொள்ள இது நல்ல இடம். ஆனால் மைன்கிராஃப்டில் உங்களுக்குப் பிடித்தது மலையேறிச் சூரிய உதயம் பார்ப்பது, ஆற்றங்கரையில் வீடு கட்டுவது என்றால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். எனக்கு அலுத்தது.

ஆல் த மோட்ஸ் 9ல் மரத்தைக் கையால் அடித்தாலே கட்டை வரும், அதனால் உள்ளே போனதும் பழகிய வீடு மாதிரி இருக்கும். சிக்கல் அதற்கப்புறம். 1.20.1 பதிப்பில் 400க்கும் மேற்பட்ட மோட்கள். இன்வென்டரியைத் திறந்தால் வலப்பக்கம் பொருட்களையும் அவற்றின் செய்முறையையும் காட்டும் ஜேஈஐ பட்டியல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து என்ன செய்வது என்று சொல்லும் குவெஸ்ட் புத்தகம் இருக்கிறது, நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள், ஏடிஎம் ஸ்டார் என்ற கடைசி இலக்கு வரைக்கும் வழி போட்டுத் தருகிறார்கள். ஆனால் ஒரே வேலைக்கு மூன்று நான்கு மோட்கள் போட்டி போடும். இரும்புத் தாதுவைப் பெருக்க மெக்கானிசம் ஒரு வழி சொல்லும், தெர்மல் இன்னொரு வழி சொல்லும். பொருட்களைச் சேமிக்க அப்ளைட் எனர்ஜிஸ்டிக்ஸ் 2 இருக்கிறது, ரிஃபைன்ட் ஸ்டோரேஜும் இருக்கிறது. மெக்கானிசத்தையே எடுத்துக்கொண்டால், சில்க் டச் மந்திரம் ஏற்றிய கருவியால் தாதுவை உடையாமல் முழுசாகவே எடுத்து வந்து இரண்டாக்குவதில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் ஐந்தாக்கும் வரைக்கும் ஒரு நீண்ட தொடர். அந்தத் தொடர் ஒன்றைக் கட்டி முடிக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு சுவையான வேலை. ஆனால் அதே நேரத்தில் புத்தகம் இன்னும் இருபது அத்தியாயங்களைத் திறந்து வைத்திருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்டிவிட்ட மாதிரி, எதில் கை வைப்பது என்று தெரியாது. ஏற்கனவே இரண்டு மூன்று மோட் பழகியவர் இதற்குள் போனால் மாதக்கணக்கில் வெளியே வரமாட்டார். முதல்முறைக்கு வேண்டாம் என்பேன்.

இனி நான் பரிந்துரைப்பது. 1.20.1 பதிப்பு, மோட்களை கேமுக்குள் ஏற்றும் ஃபோர்ஜ் லோடர், அதில் கிரியேட், ஃபார்மர்ஸ் டிலைட், வேஸ்டோன்ஸ், செய்முறை பார்க்க ஜேஈஐ, எதைப் பார்க்கிறோம் என்று பெயர் சொல்லும் ஜேட், வரைபடத்துக்கு ஜர்னிமேப். ஆறே ஆறு. முதல் கட்டை வழக்கம்போல் கையால் கிடைக்கும், முதல் வீடும் வழக்கம்போலத்தான். புதிது எதுவும் உங்கள்மேல் வந்து விழாது, நீங்கள் தேடிப் போகும்போது ஒவ்வொன்றாக வரும்.

கிரியேட் எப்படிக் கற்றுத்தருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆண்டிசைட் கல்லும் இரும்புத் துணுக்கும் சேர்ந்தால் ஒரு கலவை உலோகம். அதிலிருந்து தண்டு, பல்சக்கரம். ஓடும் தண்ணீரில் ஒரு தண்ணீர்ச் சக்கரத்தை வைத்துத் தண்டை இணைத்தால் கண்ணெதிரே சுற்றும். பெரிய பல்சக்கரத்தைச் சின்னதோடு கோத்தால் சின்னது இரண்டு மடங்கு வேகத்தில், எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சுற்றலைக் கொண்டுபோய் ஒரு ப்ரெஸ்ஸில் கொடுத்தால் அது டொக் டொக் என்று இரும்புக் கட்டியைத் தகடாக அடிக்கும். ஒரு விசிறியைச் சுற்றவிட்டு அதன் முன்னால் தண்ணீரை வைத்தால் காற்று கழுவும் காற்றாகிவிடும். அதில் சரளைக்கல்லைப் போட்டால் சிக்கிமுக்கிக்கல்லும் இரும்புத் துணுக்கும் அவ்வப்போது விழும். ஆர்எல்கிராஃப்டில் தலைவலியாக இருந்த அதே சரளைக்கல்! மற்ற மோட்களில் இயந்திரம் என்பது ஒரு பெட்டி, பொருளை உள்ளே போட்டால் பச்சைக் கோடு நகரும், வெளியே வரும். கிரியேட்டில் வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம், எங்கே நின்றது என்றும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கிரியேட்டின் பெரும்பாலான பொருட்கள்மேல் மவுஸை வைத்து டபிள்யூ பொத்தானை அழுத்திப் பிடித்தால் பான்டர் என்ற சின்னச் செயல்விளக்கம் ஓடும், வீடியோ தேடி வெளியே போக வேண்டியதே இல்லை.

ஃபார்மர்ஸ் டிலைட் இதற்கு நல்ல துணை. கத்தியால் புல் அறுத்தால் வைக்கோல், வெட்டுப்பலகையில் நறுக்கல், அடுப்பில் சட்டி. பசிக்கு ரொட்டியையே தின்றுகொண்டிருந்தவருக்கு ஒரு சமையலறை கட்ட ஆசை வரும்.

இந்தத் தொகுப்புக்கு இலக்கு கிடையாது, குவெஸ்ட் புத்தகம் கிடையாது. யாராவது அடுத்து இதைச் செய் என்று சொன்னால்தான் ஓடும் என்கிற ஆளாக இருந்தால் இது பாதியில் நின்றுவிடும். அவர்களுக்கு கிரியேட் குழுவே 2021ல் வெளியிட்ட கிரியேட்: அபவ் அண்ட் பியாண்ட் இருக்கிறது, 1.16.5 பதிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு உதிரிப்பாகத்தைத் தானாகச் செய்யும் தொடரைக் கட்டவைத்துத்தான் மேலே விடும். நல்ல ஒழுங்கு, ஆனால் பான்டர் பார்த்து அடிப்படை பழகிய பிறகு போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

இயந்திர பலத்தையும் பார்க்க வேண்டும், பலருக்கு அதுவே முடிவு செய்துவிடும். என்னிடம் முன்பு இருந்தது 8 ஜிபி ரேம் லேப்டாப். அதில் ஆல் த மோட்ஸ் 9ஐத் திறந்தால் லோடிங் திரையிலேயே டீ குடித்து முடிக்கலாம், உள்ளே போனதும் நாலு அடி நடந்தால் நின்றுவிடும். அதற்கு 16 ஜிபி இருக்கும் மெஷினில் 8 ஜிபியை ஒதுக்கினால்தான் நிம்மதியாக ஆட முடிகிறது. நான் சொன்ன ஆறு மோட் தொகுப்பு 4 ஜிபி ஒதுக்கியதில் அதே பழைய லேப்டாப்பில் ஓடியது, ஸ்கைஃபாக்டரியும் அப்படித்தான். ஆர்எல்கிராஃப்ட் இடையில். ரேம் இருக்கிறதே என்று மொத்தத்தையும் ஸ்லைடரில் இழுத்து ஒதுக்காதீர்கள், விண்டோஸுக்கும் கொஞ்சம் வேண்டும்.

மோட்பேக்காக எடுத்தால் கர்ஸ்ஃபோர்ஜ் ஆப்பிலோ பிரிசம் லாஞ்சரிலோ ஒரு பொத்தான்தான். நாமே சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது பதிப்பும் லோடரும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பது. ஃபேப்ரிக் என்ற இன்னொரு லோடருக்கான கோப்பை ஃபோர்ஜ் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க நான் தேடியிருக்கிறேன். சில மோட்களுக்குத் துணை மோட் தேவைப்படும், வேஸ்டோன்ஸுக்கு பால்ம் மாதிரி. லாஞ்சர் வழியாகச் சேர்த்தால் அதுவே இழுத்துக்கொள்ளும். ஒரு மோடை நீக்குவதற்கு முன் சேவ்ஸ் ஃபோல்டரை நகல் எடுத்துவிடுங்கள், நீக்கிய மோடின் பொருட்கள் எல்லாம் உலகத்திலிருந்து காணாமல் போய்விடும்.

தம்பிக்கு இந்த ஆறையும் போட்டுக் கொடுத்து இப்போது இரண்டு மாதம். போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: ஒரே தண்ணீர்ச் சக்கரம், மூன்று ப்ரெஸ், வேகம் போதவில்லை என்று பெரிய பல்சக்கரத்தைக் கோத்து வேகத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறான், எல்லாம் நின்றுவிட்டது. "பழுதாண்ணா?" என்று இந்த முறை கேட்கவில்லை. "இன்ஜினியர் கண்ணாடி போட்டுப் பாத்தேன், லோடு தாங்கலண்ணா, இன்னொரு சக்கரம் வெக்கப் போறேன்" என்றான்.