7 கிலோ பைப்பர் கப்பை மின்சாரத்தில் பறக்கவிட: மோட்டார், புரொப், பேட்டரி ஓர் அலசல்

நாலில் ஒரு பங்கு அளவில், பைப்பர் ஜே-3 கப் என்ற சிறு விமானத்தின் ரேடியோ கண்ட்ரோல் மாடல். இறக்கை சுமார் 2.7 மீட்டர், பறக்கும் எடை 7 கிலோ. பெரிய மாடல்களில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள், அதனால் இதையே எடுத்துக்கொள்வோம். கடையில் போய் "இதுக்கு எந்த மோட்டார்?" என்று கேட்டால் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயே தப்பு ஆரம்பம். முதலில் புரொப்பை (முன்னால் சுழலும் விசிறியை) முடிவு செய்யுங்கள், அடுத்து எத்தனை செல் என்று பாருங்கள், மோட்டார் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

எவ்வளவு வாட் வேண்டும்? கப் மாதிரி நிதானமாகப் பறக்கும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 180 வாட் போதும். 7 கிலோவுக்கு ஏறத்தாழ 1200 வாட். இதே எடையில் எக்ஸ்ட்ரா போன்ற சாகச விமானம் என்றால் கிலோவுக்கு 330 வாட்டாவது கேட்கும், அது 2300 வாட்டுக்குப் போகும். கப்பில் 2300 வாட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். த்ராட்டிலைப் பாதிக்கு மேல் தள்ளவே மாட்டார்கள், ஆனால் அதற்கான எடையை மட்டும் ஒவ்வொரு முறையும் சுமந்துகொண்டு பறப்பார்கள்.

புரொப்

அசல் கப்பின் புரொப் சுமார் 72 அங்குலம். நாலில் ஒரு பங்கு என்றால் 18. சக்கரக் கால்கள் உயரமாக இருப்பதால் 20 அங்குலமும் தரையில் இடிக்காது. இந்த இரண்டு அங்குலத்தால் என்ன லாபம் என்று ஒரு கணக்குப் போடலாம். மோட்டார் 245 கேவி, அதாவது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 245 சுற்று, என்று வைத்துக்கொள்வோம்.

10 எஸ் (தொடராக 10 செல்) பேட்டரியில் 18×8 (விட்டம் 18, பிட்ச் 8 அங்குலம்) மாட்டினால் சுமார் 6900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 41 ஆம்ப், 1400 வாட்டுக்கு மேல். 8 எஸ் பேட்டரியில் 20×8 மாட்டினால் சுமார் 5600 ஆர்பிஎம், அதே 41 ஆம்ப், ஆனால் 1170 வாட்தான். இரண்டிலும் நிலையான இழுவை ஏறக்குறைய ஆறரைக் கிலோ. பெரிய புரொப்பை மெதுவாகச் சுற்றினால் அதே இழுவைக்கு 250 வாட் மிச்சம், இரண்டு செல்லும் மிச்சம். சத்தமும் குறையும். கப்புக்கு அந்தத் தாழ்ந்த "டுப்டுப்" சத்தம்தானே அழகு.

பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குப் புரொப் கணக்குப்படி முன்னேறும் தூரம், விஷயத்தில் ஒரு சின்ன சூத்திரம் போதும்: ஆர்பிஎம் × பிட்ச் அங்குலம் × 0.0015 என்று பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 20×8-க்கு 68 கி.மீ. இந்தக் கப் ஸ்டால் ஆவது (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது) 33 கி.மீ. வாக்கில், ஆக இரண்டு மடங்கு இருக்கிறது. காற்றில்லாத காலை வேளைக்கு இது அருமை. எதிர்க்காற்று வீசும் மைதானத்தில் முன்னேறத் திணறும். அங்கே 20×10 மாட்டுங்கள்: 85 கி.மீ., 51 ஆம்ப், 1460 வாட்.

புரொப் மாற்றும்போது பலர் ஏமாறுவது விட்டத்தில்தான். மின்னோட்டம் பிட்சோடு நேராக ஏறும், விட்டத்தோடு நாலாம் படியில் ஏறும். 18-இலிருந்து 20-க்குப் போவது பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் அதே சுழற்சியில் ஒன்றரை மடங்கு பவர் இழுக்கும். "ஒரு சைஸ் கூடப் போட்டுப் பார்ப்போமே" என்று போட்டுத்தான் ஈஎஸ்சிகள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனங்கள்) புகைகின்றன.

ஏபிசி நிறுவனத்தின் மெல்லிய எலெக்ட்ரிக் வகை, அதாவது எண்ணுக்குப் பின்னால் "ஈ" என்று போட்டிருப்பது, இந்த வேலைக்கு நல்ல தேர்வு. அதன் வேக வரம்பு 1,50,000-ஐ விட்டத்தால் வகுத்தால் வருவது. 20 அங்குலத்துக்கு 7500 ஆர்பிஎம், நாம் ஓட்டுவது அதற்கு வெகு கீழே. அதே நிறுவனத்தின் ஸ்லோ ஃப்ளையர் வகைக்கு வரம்பு 65,000 மட்டுமே. விலை குறைவு என்று அதை எடுத்துப் பெரிய மோட்டாரில் மாட்டினால் இலை பிய்த்துக்கொண்டு பறக்கும். ஏபிசியில் இரண்டு குறை உண்டு. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அடுத்து, பெரிய சைஸ்களில் நடுப்பகுதி தடிமன் அதிகம். மோட்டாரோடு வரும் அடாப்டரில் நட்டுக்குப் போதுமான மரை மிஞ்சுகிறதா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். நட்டு முழுக்க இறங்கி, இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

ஸோர் போன்ற மரப் புரொப்கள் எடை குறைவு, பார்க்கவும் கப்புக்குப் பொருத்தம். இறங்கும்போது மூக்குக் குத்தினால் புரொப் உடைந்து மோட்டார் ஷாஃப்ட் தப்பிக்கும். வால் சக்கர விமானத்தில் மூக்குக் குத்தல் சகஜம் என்பதால் இந்த மாடலுக்கு மரத்துக்கே முதல் ஓட்டு. துளையைப் பெரிதாக்கக் கை டிரில்லைத் தொடாதீர்கள், மையம் நகர்ந்துவிடும். படிப்படியாக அகலும் புரொப் ரீமர்தான் சரி. அதற்குப் பிறகு பேலன்ஸ் பார்ப்பது கட்டாயம்.

மோட்டார்

ஈ-ஃப்ளைட் பவர் 160 என்பது 245 கேவி. கிரேட் பிளேன்ஸ் ரிம்ஃபயர் 1.60 என்பது 250 கேவி, அதன் மேல் 63-62-250 என்று போட்டிருக்கும்: வெளி விட்டம் 63 மி.மீ., நீளம் 62 மி.மீ., கேவி 250. பெயரில் உள்ள 160-உம் 1.60-உம் குளோ எஞ்சின் கொள்ளளவுக்கு ஒப்பாகச் சொல்வது, வாட் கணக்கு இல்லை. இரண்டும் கப்புக்குத் தாராளம், இரண்டுக்கும் நடுவே பறப்பதில் வித்தியாசம் தெரியாது. கையில் எது கிடைக்கிறதோ, எதற்கு மாற்று ஷாஃப்டும் பேரிங்கும் கிடைக்குமோ, அதை வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு மோட்டாரிலும் இதே கேவியும் 600 கிராமுக்கு மேல் எடையும் இருந்தால் ஓடும். ஆனால் அவற்றில் மலிவான காந்தம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண நியோடைமியம் 80 டிகிரிக்கு மேல் சக்தியை நிரந்தரமாக இழக்கும், எஸ்எச் தரம் 150 வரை தாங்கும். சக்தி இழந்த மோட்டாருக்குக் கேவி ஏறிவிடும், அதனால் இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், இன்னும் சூடாகும். ஒட்டு விட்டுக் காந்தம் கழன்று உள்ளே சிக்குவதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு செலவு மிச்ச யோசனை அடிக்கடி காதில் விழும்: "பவர் 60 போட்டா என்ன?" அது 400 கேவி. 8 எஸ்-இல் 20×8-ஐ அதில் சுற்றவிட்டால் கணக்குப்படி 5000 வாட் கேட்கும். சில நொடிகளில் கதை முடியும். 5 எஸ்-க்கு இறக்கினால் சுழற்சி சரியாகும், ஆனால் அதே பவருக்கு 67 ஆம்ப் ஓட வேண்டும். பெரிய விமானத்தில் வோல்ட்டை ஏற்றி ஆம்ப்பைக் குறைப்பதுதான் புத்தி. கம்பி, கனெக்டர், ஈஎஸ்சி எல்லாமே குளிர்ச்சியாக இருக்கும்.

பெட்ரோல் எஞ்சினுக்கான இடைவெளியை நிரப்ப நீளமான அலுமினிய ஸ்டாண்டாஃப் விற்கிறார்கள். 50 மி.மீ.-க்கு மேல் போனால் அவை அதிரும். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் பெட்டி கட்டி, பின்னால் டீ-நட் அடித்து எம்4 போல்ட் போடுவதே உறுதி. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் நீல லாக்டைட். எஞ்சினுக்கு இருந்த வலச்சாய்வையும் கீழ்ச்சாய்வையும் வாஷர் வைத்து அப்படியே கொண்டுவாருங்கள்.

ஈஎஸ்சி

51 ஆம்ப் ஓடும் இடத்தில் 80 ஆம்ப், 8 எஸ்-க்கு மேல் தாங்கும் எச்வி (உயர் வோல்ட்) வகை. காசில் கிரியேஷன்ஸ் எட்ஜ் 80 எச்வி 12 எஸ் வரை தாங்கும், பறந்த பதிவையும் எடுத்துப் பார்க்கலாம், அந்தப் பதிவு ஒன்றுக்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 6 எஸ் ஈஎஸ்சியை 8 எஸ்-இல் "சமாளிக்கும்" என்று மாட்டுபவர்கள் அதன் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும்: பெரும்பாலும் 35 வோல்ட். முழுச் சார்ஜில் 8 எஸ் 33.6 வோல்ட், அதன் மேல் ரிப்பிள் (வோல்ட்டின் வேகமான ஏற்ற இறக்கம்) வேறு.

பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்குப் போகும் கம்பியை நீட்டாதீர்கள். நீட்டியே ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் தவிர்க்க முடியாவிட்டால் கூடுதல் 10 செ.மீ.-க்கு ஒரு 220 மைக்ரோஃபாரட், குறைந்த ஈஎஸ்ஆர் (உள்மின்தடை), 50 வோல்ட் கெபாசிட்டர் சேருங்கள். எச்வி வகையில் பல மாடல்களுக்கு பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் சுற்று) கிடையாது. இருந்தாலும் ஆறு பெரிய சர்வோவுக்கு (சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்களுக்கு) அதை நம்பாமல் ரிசீவருக்குத் தனி 2 எஸ் லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வையுங்கள். 6.6 வோல்ட் என்பதால் பெரும்பாலான சர்வோக்களுக்கு ரெகுலேட்டர்கூட வேண்டாம்.

பேட்டரி

4 எஸ் 5000 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) இரண்டு, தொடராக. 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 4 ஆம்பியர்-மணி. கப் சுற்றிவர 20 ஆம்ப் போதும், 12 நிமிடம் பறக்கலாம்.

சி எண்ணுக்கு (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்ப் தரும் என்பதற்கு) காசைக் கொட்ட வேண்டாம். 51 ஆம்ப் என்பது 5000-க்கு 10 சி-தான். நேர்மையான 30 சி பேக் தாராளம். 100 சி ஸ்டிக்கர் ஒட்டியது எடையும் கூட, விலையும் கூட. வாங்கிய அன்றே சார்ஜரில் உள்மின்தடையை அளந்து பேக்கின் மேலேயே எழுதி வையுங்கள். செல்லுக்கு 2 மில்லிஓம் என்றால் 50 ஆம்ப்பில் எட்டு செல்லிலும் சேர்த்து 0.8 வோல்ட்தான் விழும், 40 வாட் சூடாகப் போகும். அதுவே 6 மில்லிஓம் ஆனால் 2.4 வோல்ட், 120 வாட். அந்தக் கட்டத்தில் பேக் உப்ப ஆரம்பிக்கும், டேக்-ஆஃபில் இழுவை குறைவது கைக்கே தெரியும்.

தொடராகப் போடும் இரண்டு பேக்கும் ஒரே பிராண்ட், ஒரே வயது, ஒரே சார்ஜ் அளவில் இருக்க வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பழசு முதலில் காலியாகும். மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும் ஈஎஸ்சி கட்-ஆஃபுக்கு அது தெரியாது. அதனால் ஜோடிக்கு ஓர் எண் எழுதி, ஜோடியாகவே சார்ஜ் போட்டு, ஜோடியாகவே ஓய்வு கொடுங்கள். இணைப்புக்கு எக்ஸ்டி90-எஸ். தீப்பொறி தடுக்கும் மின்தடை உள்ளேயே இருக்கிறது, 8 எஸ்-இல் அது இல்லாமல் கனெக்டர் முனை கரிந்துபோகும்.

மெதுவாகப் பறப்பவர்களுக்கு இன்னொரு வழி: மோலிசெல் பி42ஏ, 21700 லித்தியம்-அயான். ஒன்று 4200 எம்ஏஎச், 70 கிராம். 8 எஸ் 2 பி (தொடராக எட்டு, இணையாக இரண்டு) கட்டினால் 8400 எம்ஏஎச், செல் எடை 1120 கிராம். இரண்டு லைப்போவும் சேர்ந்து ஒரு கிலோ பக்கம் வரும் என்பதால் எடை வித்தியாசம் சொற்பம், பறக்கும் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல். முழு த்ராட்டிலில் வோல்ட் கொஞ்சம் தொய்யும், சாகசத்துக்கு ஆகாது. செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்காமல் நிக்கல் பட்டையில் ஸ்பாட் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கட்டுங்கள்.

கப்புக்கு மூக்கு குட்டை, பேட்டரியை ஃபயர்வாலை (மோட்டார் பொருத்தும் முன்சுவரை) ஒட்டித் தள்ளினால்தான் ஈர்ப்பு மையம் சரியாக வரும். பேட்டரி தட்டைப் பசை போட்டு ஒட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். காற்று வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

முதல் ஓட்டம் வாட்மீட்டரோடு, முழுச் சார்ஜில், விமானத்தை இறுகக் கட்டி வைத்து, பத்து நொடிக்கு மேல் போகாமல். 55 ஆம்ப் தாண்டினால் பிட்சைக் குறையுங்கள். ரேடியோ பைண்டிங் (ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைப்பது), ஈஎஸ்சி செட்டிங் வேலைகளின்போது புரொப் கழற்றியே இருக்க வேண்டும், 20 அங்குல இலைக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை.

சிங்கப்பூர், துபாயிலிருந்து பேட்டரி வாங்கி வருபவர்களுக்கு: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்தான் வரலாம், முனைகளை மூடியிருக்க வேண்டும். 100 வாட்-மணி தாண்டினால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 6 எஸ் 5000 என்பது 111 வாட்-மணி. 4 எஸ் 5000 வெறும் 74.