குளுக்கோமீட்டரும் பெட்டியில் அச்சடித்த 0.98உம்

வீட்டிலேயே இரத்தச் சீனி பார்க்க நான் பாவிக்கும் குளுக்கோமீட்டரின் விலையைக் காலி வீதி மருந்தகங்களில் குறைத்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சாள் கேட்கிறாள்: "அத்தான், நீங்கள் வருடக்கணக்காக வைத்திருக்கிறீர்கள். எனக்கும் ஒன்று வாங்கலாமா?"

விலை குறைந்தது கருவிக்குத்தான், ஒவ்வொரு முறையும் இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்புக்கு இல்லை. காசு போவதெல்லாம் ஸ்ட்ரிப்புக்கு என்பது சீனி வருத்தம் உள்ள வீடுகளுக்குத் தெரிந்த கதை. மற்றபடி கருவியில் குறை சொல்ல அதிகமில்லை. ஒரு துளி இரத்தம் போதும், சில விநாடிகளில் விடை. எண்கள் பெரிதாகத் தெரியும், மூக்குக் கண்ணாடியைத் தேடத் தேவையில்லை. பற்றரியும் இலகுவில் தீராது.

எனக்குக் கோபம் பெட்டியின் மேல். பக்கவாட்டில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள்: ஆய்வுகூட முடிவுடன் இணைபுக் குணகம் 0.98. இது துல்லியத்துக்கான சான்றே இல்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஐம்பது ரூபாய் கூட்டிக் காட்டும் முச்சக்கரவண்டி மீட்டரைச் சரியான மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இணைபு பிசகாமல் 1 என்று வரும். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பது வேறு கேள்வி. பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளிவிபரவியலாளர் இருவர் 1986இலேயே லான்செட் மருத்துவ இதழில் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். பெட்டி அச்சடிப்பவர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அவர்கள் சொன்ன வழி எளியது. வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் காலைகளில், அதே கதிரையில் இருந்தபடியே விரலையும் குத்திக்கொள்வேன். கொப்பியில் மூன்று நிரல்கள்: மீட்டர், ஆய்வுகூடம், வித்தியாசம். இரண்டு அளவுகளின் சராசரி கிடையச்சில், வித்தியாசம் நிலைக்குத்தச்சில். வித்தியாசங்களின் சராசரிக்கு இருபுறமும் நியம விலகலின் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவின்) 1.96 மடங்கில் ஒவ்வொரு கோடு. பெரும்பாலான வித்தியாசங்கள் அந்தக் கோடுகளுக்குள் அடங்க வேண்டும். என் படத்தில் 100ஐ அண்டிய புள்ளிகள் பூச்சியத்தை ஒட்டியே கிடக்கின்றன. அளவு ஏற ஏற மீட்டர் கூட்டிச் சொல்கிறது. கூட்டிச் சொன்னாலும் ஒரே மாதிரிக் கூட்டிச் சொல்கிறது, அதுதான் நான் எதிர்பாராத சந்தோஷம். இன்று அது 190 என்றால் எவ்வளவு கழித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும்.

ஆய்வுகூடத்தின் எண்ணும் வேதவாக்கு இல்லை. எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால், இரத்தக் கலங்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸைத் தின்றுவிடும். மீட்டர் கூட்டிச் சொன்னதா, குழாய் குறைத்துச் சொன்னதா என்று எல்லா நாளும் அடித்துச் சொல்ல முடியாது.

தர விதிப்படி பார்த்தாலும் மீட்டர் தப்பிவிடும். இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197இன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்பது இதைத்தான்: டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம், அதற்கு மேல் 15 சதவீதம், கூடவோ குறையவோ இருக்கலாம். நூற்றுக்கு 95 அளவுகள் அதற்குள் நின்றால் போதும். ஆகவே உண்மையில் 200 என்றால் 170உம் தேர்ச்சி, 230உம் தேர்ச்சி. நீரிழிவு என்று முடிவுகட்டும் வெறும்வயிற்று எல்லை 126. அதற்கு அருகில் நிற்பவர் வீட்டு மீட்டரைப் பார்த்து அழுவதும் சிரிப்பதும் வீண்வேலை. இதையாவது பெட்டியில் போட்டிருக்கலாமே!

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். அதற்குக் கருவியைத் திட்டக் கூடாது. கொழும்பின் ஈரப்பதத்தில் ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்தபடி வைப்பதும் அப்படித்தான்.

மச்சாளுக்கு இரத்தச்சோகை இருக்கிறது. சிவப்பணுக்களின் விகிதம் குறைந்தால் பல மீட்டர்கள் கூட்டிச் சொல்லும். என் கொப்பியின் கணக்கு அவளுக்குச் செல்லாது, அவளே தனிக் கொப்பி போட வேண்டும். வாங்காதே என்று சொல்லிவிட்டேன். காரணமாக இரத்தச்சோகையைச் சொன்னாலும், அதில் முக்கால்வாசி அந்த 0.98 கிளப்பிய எரிச்சல். எனக்கு இந்தக் கிழமை ஸ்ட்ரிப் முடிகிறது. அதே மருந்தகத்தில், அதே கருவிக்கு, இரண்டு குப்பி வாங்க வேண்டும்.