பெட்டர், ராங்கின்: ஒரே சட்டப் பள்ளி, இரு பாதைகள்

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஆண்ட்ரூ பெட்டர், மரே ராங்கின் இருவரும் புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அமைச்சரானவர்கள். பழங்குடியினர் துறையும் இருவர் கைக்கும் வந்தது.

பெட்டர் 1991-லேயே மாகாண அரசியலில் நுழைந்தார். பழங்குடியினர் விவகாரம், வனம், நிதி, சுகாதாரம் என்று துறைகள் மாறின. 1994-ஆம் ஆண்டின் வன நடைமுறைச் சட்டம் அவர் வனத்துறையில் இருந்தபோது வந்தது. 2001-இல் விலகியவர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்கே போனார். சட்டப் புலத் தலைவர், பிறகு சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத் தலைவர்.

ராங்கின் 2012 இடைத்தேர்தலில் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சி நாடாளுமன்றம் சென்று, 2020-இல்தான் மாகாணத்துக்கு வந்தார். ஆனால் பழங்குடியினர் துறையை 2024 வரை விடவில்லை. ஹைடா குவாய் தீவுகளில் ஹைடா பழங்குடியினரின் நிலவுரிமையை ஏற்ற 2024 உடன்படிக்கை அந்தக் காலத்தில்தான் கையெழுத்தானது. நில உரிமைப் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்; அமைச்சர் மாறினால் தடம் அறுந்துபோகும். அந்த வேலைக்கு ராங்கின் வழியே மேல். பலதுறை ஆட்சி பழக விரும்புபவருக்குப் பெட்டர் வழி.