நாலு மீட்டர் வண்டியோடு 13 வருஷம்

2013 ஜனவரியில் எடுத்த டீசல் செடான். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மீட்டர் 1,86,000 கி.மீ. தாண்டிவிட்டது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இந்த வண்டியில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் பாதிக்கு மேல் வரிச்சட்டத்தால் வந்தவை. மீதி, ஷோரூமில் நான் எதைக் கேட்டேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்பதால் வந்தவை.

மைலேஜ் ஊருக்குள் 17, புதுச்சேரி ரோட்டில் 21, 22. கிளட்ச் ஒருமுறை மாற்றினேன், 92 ஆயிரம் கி.மீ. ஓடியபோது. சஸ்பென்ஷன் புஷ் இரண்டு தடவை. கடல் காற்றில் டிக்கிக் கதவின் கீழ் ஓரம் துருப்பிடித்து, தகடு வெட்டி ஒட்டவேண்டி வந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்து கார்பெட்டைப் பிய்த்து மாடியில் காயப்போட்டோம். இன்ஜின் மட்டும் இதுவரை ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "தம்பி, இந்த இன்ஜின நம்பி இன்னும் ஒரு லட்சம் ஓட்டலாம்."

இனி டிக்கி. 2006 பட்ஜெட்டில் சின்ன காருக்கு கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். அதிலிருந்து நம் ஊர் கார்களின் பின்பக்கம் மாறத் தொடங்கியது. 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம். 2012இல் அடுத்த தலைமுறை வந்தபோது 3995 மி.மீ. குறைந்த நீளம் பெரும்பாலும் டிக்கியிலிருந்தே போனது: 440 லிட்டராக இருந்தது 316 ஆனது. அமேஸ், எக்ஸென்ட் என்று பின்னால் வந்தவையும் அதே கோட்டுக்குள்தான் நின்றன. என் வண்டியும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. பக்கவாட்டில் நின்று பார்த்தால் யாரோ கத்தியால் நறுக்கியது போலத் தெரியும்.

வாங்கும்போது இது எனக்கு உறைக்கவில்லை. 2018இல் அம்மாவுக்கு நடை நின்றுபோனது. மாதம் இரண்டு தடவை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி. மடக்குகிற சக்கர நாற்காலியைக் கால்மிதியைக் கழற்றிவிட்டுப் படுக்கவைத்தால் டிக்கிக்குள் போகிறது. ஆனால் கதவின் வளைந்த இரும்புக் கை இறங்கும் இடத்தில் சரியாக நாற்காலியின் பெரிய சக்கரம் வந்து நிற்கிறது. நாலு விரல் இடம்தான் குறை. கதவைப் பாதி திறந்தபடி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஒருமுறை ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வரை போனோம். அரியாங்குப்பம் தாண்டியதும் மழை; நாற்காலி சீட் முழுக்க நனைந்து, அம்மாவை அதில் உட்காரவைக்க முடியாமல் என் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். அன்றிலிருந்து நாற்காலி பின்சீட்டில் போகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம். கூட வர ஆசைப்படும் தங்கச்சி பஸ்ஸில் வருகிறாள்.

சாலையில் இடம் மிச்சப்படுத்தச் சின்ன காருக்குச் சலுகை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அளந்த விதம்தான் தப்பு. ஜப்பானில் கேய் கார் என்று ஒரு வகை உண்டு. அதற்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி என்று நாலு பக்கமும் கட்டுப்பாடு. நம் சட்டத்தில் அகலத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. அதனால் இன்று 3.99 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமுமாக எஸ்யூவி நிற்கிறது, அதுவும் வரிக்கணக்கில் சின்ன கார்தான். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே உயிரை வாங்குவது வண்டியின் நீளமா அகலமா என்று.

டீசல் எடுத்ததும் என் சொந்த யோசனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010இலேயே எடுத்தாயிற்று, டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் ஊரே டீசல் கேட்டது; எனக்கு டெலிவரி கிடைக்க நாலு மாதம். பிறகு விலை நெருங்கியது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, சின்ன டீசல் இன்ஜின்கள் பல நின்றேபோயின. மக்கள் விரும்பியது என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்க் விலைப்பலகை பேசியது என்று இப்போது யோசிக்கிறேன். கடலூர்க்காரர்கள் டேங்க் காலியாக இருந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் முள்ளோடை வரை தள்ளிக்கொண்டாவது போய்ப் புதுச்சேரி விலையில் போடுகிறோமே, அதுவும் வரி ஓட்டும் ஓட்டம்தான்.

ஆனால் அரசு தலையிட்டதற்கு நான் மனசார நன்றி சொல்லும் இடமும் இருக்கிறது. அது ஏர்பேக்.

2013இல் நான் வாங்கிய நடு வேரியண்டில் ஏர்பேக் கிடையாது. ஷோரூமில் மைலேஜ் கேட்டேன், பாட்டு சிஸ்டம் கேட்டேன், சீட் கவர் இலவசமா என்று கேட்டேன். ஏர்பேக் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. 2016இல் கிருமாம்பாக்கம் அருகே முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட, நேராகப் போய் முட்டினேன். பெல்ட் போட்டிருந்தோம். இருந்தும் ஸ்டீயரிங் என் நெஞ்சில் இடித்தது; மனைவியின் நெற்றி டேஷ்போர்டில் மோதி ஐந்து தையல். புருவத்துக்கு மேலே அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் பார்க்கிற கோடு.

வாங்குகிறவர்கள் கேட்டிருந்தால் கம்பெனிகள் வைத்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. 2014 ஜனவரியில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் நன்றாக விற்ற ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது; ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதற்குப் பிறகும் விற்பனை குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டம்தான் செய்தது. 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் கத்தும் அலாரம் எல்லாம் கட்டாயம். பக்கத்து சீட் ஏர்பேக் 2022 பிறப்பதற்குள் எல்லா மாடலுக்கும் வந்துவிட்டது. மச்சான் 2022இல் ஆரம்ப விலை வேரியண்ட்தான் எடுத்தார், அதில் இரண்டு ஏர்பேக். 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப் தொடங்கியபின் ஷோரூமில் காலேஜ் பசங்கள்கூட "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எங்கள் வயசுக்காரர்கள் கேட்டிருக்கவேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது: சின்ன காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. முன்பு சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 29, நடுத்தர காருக்கு 45. மொத்த வரி குறைந்தது நல்லதுதான், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தூரம் 16இலிருந்து 22 ஆகிவிட்டது. இனிமேலும் டிக்கியைத்தான் வெட்டுவார்கள்.

போன மாதம் அடுத்த வண்டி பார்க்கப் போனேன். மச்சான் காரில் சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டுதான் போனோம். சேல்ஸ் பையன் முதலில் திகைத்தான், பிறகு அவனே சீட்டை மடித்து உதவினான். நாலு மீட்டருக்குள் இருந்த மூன்று வண்டிகளில் எதிலும், பின்சீட்டை மடிக்காமல் நாற்காலி ஏறவில்லை. 4.3 மீட்டர் வண்டியில் படுக்கவைத்து, மேலே அம்மாவின் துணிப்பையும் வைத்து, கதவு அமைதியாக மூடியது. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம்.

ஆர்சி 2028 ஜனவரி வரை இருக்கிறது. அதுவரை இதே வண்டிதான், நாற்காலியும் பின்சீட்டில்தான். வருகிற செவ்வாய்க்கிழமை ஜிப்மருக்கு மட்டும் மச்சான் வண்டியையும் கூட எடுக்கிறோம், தங்கச்சி வரட்டும் என்று.